செல்லி அண்ணி ரோடு தாண்டிய கதை

என் அண்ணி செல்லிக்கு வராத வேலை என்று ஒன்று கிடையாது. மிரண்டு ஓடும் மாட்டை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து நிறுத்துவார். மாரண்டஹள்ளி சந்தையில் அவருடைய காய்கறிக் கடைக்குப் பேரம் பேச வருகிறவர் கடைசியில் அவர் சொன்ன விலையையே கொடுத்துவிட்டு, கொசுறாகக் கிடைத்த கொத்தமல்லிக்கு நன்றியும் சொல்லிவிட்டுப் போவார். அப்பேர்ப்பட்டவருக்கு ரோட்டைத் தாண்ட மட்டும் வராது.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிறது. வீடுகளும் தோட்டங்களும் ரோட்டுக்கு மேற்கே. ஓசூர் போகிற பஸ் எங்கள் பக்கத்திலேயே நிற்கும். மாரண்டஹள்ளி போக வேண்டுமென்றால் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். சாயங்காலம் திரும்பி வரும்போது பஸ் நம் பக்கமே இறக்கிவிட்டுவிடும். ஆக, அண்ணிக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு கண்டம்தான். அதைக் கடத்திவிட நான் வேண்டும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வாழ வந்தபோது நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். என் பள்ளிக்கூடமும் மாரண்டஹள்ளியில்தான். காலையில் நாங்கள் இருவரும் கை கோத்துக்கொண்டு தாண்டுவதைப் பார்த்தவர்கள், நாத்தனாரை எவ்வளவு பொறுப்பாகக் கூட்டிப் போகிறாள் பார் என்று அண்ணியைப் பாராட்டினார்கள். யார் யாரைக் கூட்டிப் போனார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். பிறகு நான் படித்து முடித்து, அதே மாரண்டஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை ஆனேன். கை மட்டும் மாறவே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்கு முப்பது வயதாகியும் வீட்டில் இன்னும் பெயர் பாப்பாதான்.

அண்ணி பிறந்தது ஏரியூர்ப் பக்கம் ஒரு மலையடி ஊர். அங்கே பஸ் நின்று ஆளுக்காகக் காத்திருக்கும். எந்த வண்டிக்கும் அவசரம் இல்லை. போதாததற்கு அவருடைய அம்மா, தெருவில் போகும்போது ஆம்பளைகள் மூஞ்சியை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார். எத்தனையோ அம்மாக்கள் சொல்கிறார்கள், எத்தனையோ பெண்கள் காற்றில் விட்டுவிடுகிறார்கள். நானும் விட்டவள்தான். எங்கள் அண்ணி அதைச் சட்டமாக எடுத்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் ரோடு தாண்டுவது என்பதே ஒரு பேச்சுவார்த்தை. நாம் உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்க வேண்டும். டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் தலையை ஆட்டுவார், அல்லது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, போ போ என்று விசிறுவார். ஹெட்லைட்டை அடித்தால் மட்டும் நிற்க வேண்டும், ஏனென்றால் நான் வந்துகொண்டிருக்கிறேன், ஒதுங்கு என்று அதற்கு அர்த்தம். இவ்வளவும் முகமும் கையும் பேசிக்கொள்கிற விஷயம். அண்ணியோ தலையைக் குனிந்துகொண்டு சக்கரத்தைப் பார்ப்பார். சக்கரம் என்ன சொல்லும்? இவர் வருவாரா மாட்டாரா என்று டிரைவருக்கும் புரியாது. ஹாரன் அடிப்பார். அண்ணி பாதி ரோட்டிலிருந்து திரும்பி ஓடி வந்துவிடுவார். பார்க்கிற நமக்கு உயிர் போய் உயிர் வரும்.

இந்த நிலைமையில் எனக்கு ஓசூரில் நல்ல பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை கிடைத்தது. ஜூனில் சேர வேண்டும், தங்குவதும் அங்கேயே. செய்தி கேட்டதும் அண்ணிக்கு என்னைவிடச் சந்தோஷம். கேசரி எல்லாம் கிளறினார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் அண்ணன் சென்னப்பன்தான், தன் பாட்டுக்கு ஒன்றைப் போட்டு உடைத்தார்.

"அப்ப சந்தைக் கடைய வுட்டுரு செல்லி. பாப்பாவும் இல்லாம நீ எப்புடிப் போவ? காய்கறிய வியாபாரியே தோட்டத்துக்கு வந்து எடுத்துக்குவான்."

அண்ணன் கெட்டவர் இல்லை. அவருக்கு விடியற்காலையிலேயே பால் ஊற்றப் போக வேண்டும், அண்ணியைத் தாண்டிவிட நேரம் இல்லை. பயமும் உண்டு. ஆனால் அந்தக் கடை அண்ணிக்கு என்னவென்று அவருக்குத் தெரியாது. சந்தையில் அண்ணி யாருக்கும் பெண்டாட்டி இல்லை, மருமகள் இல்லை. செல்லிக் கடை என்றால் பாலக்கோட்டிலிருந்து வருகிறவருக்கும் தெரியும். அங்கே உட்கார்ந்தால் அவர் குரலே வேறு மாதிரி இருக்கும். அந்தக் குரல் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அண்ணி தட்டுகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். பாத்திரம் கழுவும்போது என் பக்கத்தில் வந்து, "நீ ஓசூர் போறதுக்குள்ள நான் கத்துக்கறன் பாப்பா. கடைய வுட மாட்டன்," என்றார்.

நானும் கற்றுக்கொடுக்கத்தான் பார்த்தேன். எனக்குப் பொறுமை கொஞ்சம் கம்மி. ஒற்றுப்பிழை விடுகிற பிள்ளைகளிடம்கூட நான் அவ்வளவு கத்தியதில்லை. "நிமிந்து பாருங்க அண்ணி, நிமிந்து பாருங்க," என்று ரோட்டோரம் நின்று நான் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணி மட்டும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்தக் கார் வந்தது.

ஊருக்கு வெளியே ஒரு கிரானைட் கம்பெனி மூடிக் கிடக்கிறது. உள்ளே அகலமான சிமெண்ட் ரோடுகள் உண்டு. பெங்களூரிலிருந்து ஒரு குழு அந்த இடத்தைக் கோடைக்கு வாடகைக்கு எடுத்து, டிரைவர் இல்லாமல் ஓடும் கார் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியது. நம் மக்கள் எப்படி ரோடு தாண்டுகிறார்கள் என்று அந்தக் கார் தெரிந்துகொள்ள வேண்டுமாம். கார் அவர்களைப் பார்த்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிய வேண்டுமாம். அதனால் குறுக்கே நடக்க ஆட்கள் தேவை, கூலி உண்டு, மத்தியானம் பிரிஞ்சி சோறு உண்டு என்று பஞ்சாயத்து ஆபீசில் சொல்லி அனுப்பினார்கள்.

ரோட்டைத் தாண்டக் கூலியா என்று ஊரே சிரித்தது. எனக்கு வேறு யோசனை ஓடியது. இடித்துத் தள்ளாத வண்டி ஒன்று, அதுவும் பழகுவதற்கென்றே வந்திருக்கிறது. பள்ளி விடுமுறை. அண்ணியை இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் பக்கத்து வீட்டு மாதுவும் வந்தார். தக்காளிக் கூடைகளை வேனில் ஏற்றி ஓசூருக்கு ஓட்டுகிறவர், அன்று சும்மா இருந்தார்.

வெள்ளைக் கார். கூரையில் ஒரு குடுவை மாதிரி ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது. முன்கண்ணாடிக்குக் கீழே, நெற்றியில் பட்டை போட்டதுபோல் ஒரு நீளமான கண்ணாடிப் பட்டை. டிரைவர் சீட் காலி. பின் சீட்டில் மட்டும் கலைமதி என்கிற இளம் பெண் இன்ஜினியர், ஆபத்து வந்தால் நிறுத்துவதற்கு ஒரு பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதலில் மாதுதான் போனார். கார் வந்தது, தூரத்திலேயே மெதுவாகி நின்றது. நின்ற கையோடு ஹெட்லைட்டை இரண்டு தடவை பளிச் பளிச்சென்று அடித்தது. மாது ஒரே தாவாகத் தாவி வேலிக் கருவேலம் புதருக்குள் போய் விழுந்தார். அடுத்துப் போன அம்மாள் செருப்பை விட்டுவிட்டுத் திரும்பி ஓடினார். அதற்கு மேல் ஒருவரும் கால் வைக்கவில்லை. காரும் நின்றது, நாங்களும் நின்றோம். வெயில் ஏறியது. கலைமதி இறங்கி வந்தார்.

"வண்டிதான் நின்னுடுச்சில்லீங்க. ஏன் யாரும் போவ மாட்டேங்கறீங்க?"

மாது சட்டையில் இருந்த முள்ளைப் பிடுங்கிக்கொண்டே சொன்னார். "லைட்டு அடிச்சா வரேன்னுதானுங்களே அர்த்தம். வரேன்னு சொல்ற வண்டிக்குக் குறுக்க எவன் போவான்?"

கலைமதி நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "எனக்கும் இந்தப் பக்கந்தாங்க, அதியமான்கோட்டை. எங்கப்பா லாரி டிரைவரு. எனக்கே மறந்துபோச்சி பாருங்க." நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன் என்று சொல்ல லைட் அடிக்கிற தேசங்களும் இருக்கின்றன, அந்த வழக்கம் காருக்குள் அப்படியே வந்துவிட்டது என்றார். சாப்பாட்டு நேரத்துக்குள் ஹெட்லைட் அடிப்பதை எடுத்துவிட்டார்கள். நெற்றிப் பட்டை மட்டும் பாக்கி.

அந்தப் பட்டைக்கு ஒரு வித்தை தெரியும். கார் ஒரு ஆளைப் பார்த்துவிட்டால் அதில் நீலப்பச்சையாக ஒரு வெளிச்சம் வரும். வெளிச்சம் நிலையாக எரிந்தால், பார்த்துவிட்டேன், நிற்கிறேன், நீங்கள் போகலாம் என்று பொருள். கிளம்பப் போகிறது என்றால் விட்டு விட்டு எரியும். மற்றவர்கள் இதை உடனே பிடித்துக்கொண்டார்கள். அண்ணியின் முறை வந்தது.

அண்ணி தலையைக் குனிந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தார். கார் நின்றது. அண்ணியும் நின்றார். இவர் வரவில்லை போலிருக்கிறது என்று கார் கொஞ்சம் நகர்ந்தது. சக்கரம் உருள்வதைப் பார்த்து அண்ணி பின்னால் ஓடினார். கார் மறுபடி நின்றது. சரி நின்றுவிட்டதே என்று அண்ணி முன்னால் வந்தார். சந்தில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு பேர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வார்களே, அந்தக் கூத்துதான். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சிரித்தவர்கள் மேலும், அண்ணி மேலும், கார் மேலும்.

கலைமதி வண்டியிலிருந்து இறங்கி அண்ணியிடம் வந்தார். "அக்கா, வண்டி உங்க மூஞ்சியத் தேடுது. நீங்க எந்தப் பக்கம் பாக்கறீங்கன்னு தெரிஞ்சாதான் அதுக்கு முடிவு பண்ண முடியும். நீங்க காட்டவே மாட்டேங்கறீங்க."

அண்ணி காதோடு காதாக, "வண்டிக்குள்ள ஆம்பளை மூஞ்சிய எப்புடிம்மா பாக்கறது?" என்றார்.

"உள்ளதான் ஆம்பளையே இல்லியேக்கா."

அண்ணிக்கு இது அதுவரை உறைக்கவில்லை என்றே நினைக்கிறேன். மெதுவாகத் தலையைத் தூக்கினார். எட்டிக் குனிந்து முன்கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். சீட்டில் யாரும் இல்லை. ஸ்டீயரிங் மட்டும் தேமேயென்று இருந்தது. பிறகு முழுசாக நிமிர்ந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, காரை நேருக்கு நேராகப் பார்த்தார். நெற்றிப் பட்டையில் வெளிச்சம் வந்தது.

அண்ணி இடது பக்கம் ஓரடி வைத்தார். வெளிச்சமும் பட்டைக்குள் அதே பக்கம் நகர்ந்தது. வலது பக்கம் வைத்தார். அதுவும் வந்தது. மறுபடி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். வெளிச்சம் அவரை விடவே இல்லை.

"என்னயப் பாக்குது பாப்பா," என்றார் அண்ணி. "நான் எங்க போனாலும் என்னயத்தான் பாக்குது."

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. போனார், வந்தார், மறுபடி போனார். பாதி வழியில் நின்று, "ஏம்பா, பாத்துட்டியா?" என்று காரைக் கேட்டார். வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, "ம், பாத்துட்ட," என்று தானே பதிலும் சொல்லிக்கொண்டு நடந்தார். ஒரு தடவை கார் கிளம்பப் போவதாக விட்டு விட்டு எரிந்தபோது, "இரு, இரு, கெழவி ஒருத்தி வரா," என்று அதட்டினார். கிழவி யார் என்று நான் சுற்றும் முற்றும் பார்த்தேன், யாரும் இல்லை. வம்புக்குத்தான் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் சந்தையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த மிதப்பில் மறுநாள் காலை நிஜ ரோட்டுக்குப் போனோம். "நீ வூட்டு ஓரமா நில்லு, நானே போறன்," என்றார். நிமிர்ந்தார். உள்ளங்கையைக் காட்டிக் கையைத் தூக்கினார். தக்காளி லாரி ஒன்று வந்தது, மெதுவாகவும் ஆனது. அண்ணி அதன் நெற்றியையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை விசிறி விசிறிப் பார்த்தார். அண்ணி கண் அந்தப் பக்கம் போகவே இல்லை. டிரைவர் சலித்துப்போய் ஹெட்லைட்டை அடித்துவிட்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி திரும்பி வந்தபோது முகம் வாடியிருந்தது.

"இதுக்கு அந்த லைட்டே இல்லியே பாப்பா. பாத்துச்சா இல்லியான்னு எனக்கு எப்புடித் தெரியும்?"

நான் அவரைக் கையைப் பிடித்துத் தாண்டிவிட்டேன். பால் கேனோடு எதிரே வந்த அண்ணன் இதையெல்லாம் பார்த்துவிட்டார். திட்டவில்லை. "போதும் செல்லி. வெளையாட்டு இல்ல இது. பாப்பா கெளம்பற வரைக்கும் கடைக்குப் போ, அத்தோட நிறுத்திக்கலாம்," என்று அமைதியாகச் சொன்னார். அவர் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

அண்ணி ஆனாலும் கிரானைட் கம்பெனிக்கு வருவதை நிறுத்தவில்லை. கடைசி நாள் கலைமதி வேறொரு சோதனை வைத்திருந்தார். அதே காரில் ஒரு டிரைவரை உட்கார வைத்து ஓட்டச் சொல்வார்கள். நெற்றிப் பட்டையை அணைத்துவிடுவார்கள். வெளிச்சத்தைப் பார்த்து நடப்பதற்கும் ஆளைப் பார்த்து நடப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க வேண்டுமாம். ஓட்டுவதற்கு மாதுவைக் கூப்பிட்டார்கள். மாது தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அண்ணி போய் நின்றார். கார் வந்து நின்றது. அவர் கண் பழக்கத்தில் பட்டையைத் தேடியது. அங்கே வெளிச்சம் இல்லை. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இப்போது குனிவார், இப்போது குனிவார் என்று பார்த்தால், அண்ணியின் பார்வை பட்டையிலிருந்து மெதுவாக மேலே ஏறியது. கண்ணாடியைக் கடந்தது. மாதுவின் முகத்தில் போய் நின்றது.

"பாத்துட்டீங்களா?" என்று சத்தமாகக் கேட்டார்.

மாதுவுக்குக் கூச்சத்தில் காது சிவந்துவிட்டது. தலையை ஆட்டினார். அண்ணி, "ம்," என்றார். நிதானமாக, புடவைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

மாது இறங்கி வந்து எங்களிடம், "பக்கத்து வூட்ல இத்தன வருசமா இருக்கறன். அண்ணி இன்னிக்குத்தாங்க என் மூஞ்சியப் பாத்தாங்க," என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது எப்படித் துணிச்சல் வந்தது என்று கேட்டேன். அண்ணி சொன்ன பதிலை நான் இன்னும் மாதுவிடம் சொல்லவில்லை. "அவர ஆளாவே நெனைக்கல பாப்பா. லைட்டா நெனச்சிக்கிட்டன். தலைய ஆட்டுனா எரியுதுன்னு அர்த்தம். எல்லா வண்டியிலயும் அது இருக்குதில்ல? நான்தான் எடம் தெரியாம கீழயே தேடிக்கிட்டு இருந்துட்டன்."

அதன் பிறகு நான் கிளம்புகிற வரைக்கும் இருந்த காலைகளில் அண்ணி தனியாகத்தான் தாண்டினார், நான் ஓரடி தள்ளி நடந்தேன். கையைப் பிடிக்கவில்லை, ஆனால் பிடிக்கிற தூரத்தில் இருந்தேன். நான் பக்கத்தில் இல்லாமல் என்ன ஆகும் என்பது எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அண்ணனும், "பாப்பா போற அன்னிக்குப் பாத்துக்கலாம்," என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. பெட்டியோடு நான், காய்க் கூடையோடு அண்ணி, வழியனுப்ப அண்ணன். எங்கள் பக்கத்தில் ஓசூர் பஸ் வந்து நின்றது. எதிர்ப்பக்கம் மாரண்டஹள்ளி பஸ் தூரத்தில் தெரிந்தது. எனக்கு மனசே இல்லை.

"வாங்க அண்ணி, தாண்டிவுட்டுட்டு வந்து ஏறிக்கறன். கண்டக்டர் நிப்பாரு."

"ஒண்ணும் வேணாம். நீ ஏறு. பொட்டியப் பாத்துக்க," என்றார். அண்ணன் கூடையைத் தூக்கிவிட முன்னால் வந்தார். அவரையும் கண்ணாலேயே நிறுத்திவிட்டார்.

ஏறி முன் சீட்டில் இடம் பிடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணன் மட்டும்தான் நிற்கிறார், அண்ணியைக் காணவில்லை. விசில் அடித்து பஸ் நகர்ந்தது. நகர்ந்த வேகத்தில் சடக்கென்று நின்றது. எல்லாரும் முன்னால் சாய்ந்தோம்.

பஸ்ஸுக்கு முன்னால், தலையில் கூடையோடு, ஒரு கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். எங்கள் டிரைவரின் முகத்தை நேராகப் பார்த்தார். கண்ணாடி வழியாகச் சத்தம் கேட்கவில்லை, உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும்.

"யாரும்மா இது, தலைய ஆட்டுனாத்தான் போவாங்களாட்டம் இருக்குது," என்றார் டிரைவர்.

"ஆமாங்க. ஆட்டிருங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே ஆட்டினார். அண்ணி எங்களைக் கடந்தார். ரோட்டின் நடுவில் நின்று, அந்தப் பக்கத்திலிருந்து வந்த மாங்காய் லாரிக்குக் கையைக் காட்டினார், அந்த டிரைவர் தலையையும் ஆட்ட வைத்தார், போய்ச் சேர்ந்தார். அவ்வளவு நேரமும் முன் சீட்டில் இருந்த என்னை அவர் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ரோடு தாண்டும்போது வேறு எங்கும் பார்க்கக் கூடாது என்று கத்திக் கத்திச் சொன்னவள் நான்தான். என் வலது கை மடியில் சும்மா கிடந்தது. அதற்கு இனிமேல் காலையில் வேலை இல்லை என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் கூடவே வந்தது.

எதிர்ப்பக்கம் போய்க் கூடையை இறக்கி வைத்த பிறகுதான் அண்ணி திரும்பினார். பஸ் ஜன்னல்களில் என்னைத் தேடினார். கண்டுபிடித்தார். புருவத்தை மட்டும் உயர்த்தினார், பார்த்துவிட்டாயா என்பதுபோல.

பஸ் கிளம்பியது. நான் கழுத்து வலிக்கும் அளவுக்குத் தலையை ஆட்டினேன்.